ஜன்னலோர எலிகள்

"உன் ஊசி பொய் சொல்லுது, இபிதுன்னி. பொய்யின்னாலும் பரவாயில்ல, அதுல ஒரு ஒழுங்கு இருக்கும். இது உளறுது" என்றார் புரொபசர் ஃபடைரோ. சொல்லிவிட்டு மேசைமேல் கிடந்த வரைபடத்தை ஒரு விரலால் அவள் பக்கம் தள்ளினார்.

இபிதுன்னி வரைபடத்தைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டாள். வாயைத் திறந்தால் அழுகைதான் வரும். இந்த மனுஷர் முன்னால் அழுவதைவிட நட்ட நடு ரோட்டில் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

அந்த ஊசி அவள் பெறாமல் பெற்ற பிள்ளை. தலைமயிரை விட மெல்லிய பிளாட்டினக் கம்பி, நுனியில் அவளே கண்ணைக் கெடுத்துக்கொண்டு ஏற்றிய ஒரு பூச்சு. எலியின் மண்டையில் பொருத்திய சின்னக் குழாய் வழியாக அதை இறக்கினால் மூளைக்குள் இருக்கிற கந்தக வாயு எவ்வளவு என்று சொல்லும். எலி பாட்டுக்கு விழித்துக்கொண்டு மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கும். ஆமாம், அழுகின முட்டையில் வருமே, அதே ஹைட்ரஜன் சல்பைடுதான். நம் எல்லார் மூளையும் அதைத் துளித்துளியாகத் தானே செய்துகொள்கிறது, நரம்புக்கு நரம்பு சேதி சொல்ல அதை வைத்துக்கொள்கிறது. நாற்றம் பிடித்த தபால்காரன்தான், ஆனால் அவன் வராவிட்டால் வீடு நடக்காது. ஊசியைச் சோதிக்கிற கரைசல் பட்டுப்பட்டு இபிதுன்னியின் உடுப்பிலும் அந்த வாடை ஏறிவிட்டது. டாக்சியில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் அவசரமாகக் கண்ணாடியை இறக்குவார்கள். அவளும் யாரோ ஒருத்தரைச் சந்தேகப்படுகிற முகத்தோடு வெளியே பார்ப்பாள்.

இந்த நாற்றத்தை ஏன் கட்டிக்கொண்டு மாரடிக்கிறாள் என்றால், அண்ணன் அடிசாவுக்காக. அவன் இஜெபுப் பக்கத்துச் சொந்த ஊரில் இருக்கிறான். இன்னும் நாற்பது ஆகவில்லை, அதற்குள் பாதம் தரையில் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்த்தால்தான் அவனுக்குத் தெரியும். வீட்டில் கஷ்டம் வந்த வருஷங்களில் கசப்பு மரவள்ளியை அரைகுறையாக ஊறவைத்து இடித்துக் களி கிண்டினார்கள். தொட்டுக்கொள்ள மிளகாய்க் குழம்பு, அவ்வளவுதான். தங்கச்சி படிக்கிற பிள்ளை என்று முட்டையோ மீனோ ஒரு துண்டு அகப்பட்டால் அவள் தட்டுக்குப் போகும். அடிசாதான் எடுத்துப் போடுவான்.

சரியாக ஊறாத மரவள்ளியில் நஞ்சு தங்கும். அந்த நஞ்சை வெளியே தள்ள உடம்பு தன்னிடம் இருக்கிற கந்தகத்தைச் செலவழிக்கும். மீன், முட்டை, பயறு என்று தின்கிறவனுக்குச் செலவழித்தது திரும்பி வந்துவிடும். வெறும் களி தின்கிறவனுக்கு? மூளை வைத்திருக்கிற கந்தகத்திலும் கை வைத்துவிடுமா? எப்போது? உயிரோடு இருக்கிற மூளைக்குள் போய் அளந்து பார்த்தால்தானே தெரியும். அதற்குத்தான் ஊசி.

அடிசா போனில் கூப்பிட்டால் முதல் கேள்வி எலிகளைப் பற்றித்தான் இருக்கும். "என்ன, உன் எலிங்க எல்லாம் நல்லா நடக்குதா? என்னைவிட நல்லா நடந்தா சொல்லு, வந்து டியூஷன் எடுத்துக்கறேன்."

எலிக்கூடத்தில் ஜன்னலோர அடுக்கில் இருந்தவை மரவள்ளி மாவு தின்கிற எலிகள். கதவோரம் இருந்தவை நல்ல தீவனம் தின்கிறவை. ஜன்னலோரத்தில் கந்தகக் கோடு இறங்க வேண்டும், கதவோரத்தில் அப்படியே நிற்க வேண்டும். மாதக் கணக்கில் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒரே கோடு, அண்ணன் தம்பி மாதிரி. ஊசியை மாற்றினாள், பூச்சை மாற்றினாள், சாமியையும் மாற்றிக் கும்பிட்டுப் பார்த்தாள். பிறகு ஒரு மாதம் ஜன்னலோரக் கோடு சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிற்று. எப்படி இறங்கிற்று! இபிதுன்னி ஒரு தட்டு நிறையப் பொரித்த பஃப்-பஃப் உருண்டைகள் வாங்கி வந்து துறை முழுக்கக் கொடுத்தாள். எலிகளைப் பார்த்துக்கொள்கிற இயா ரிசி மட்டும் நோன்பு என்று தன் பங்கைத் துணியில் முடிந்துகொண்டாள்.

அடுத்த மாதமே கோடு பழையபடி ஏறி நின்றுவிட்டது. புரொபசருக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

"புட்டியில வெச்சா சரியாப் படிக்குது, மூளைக்குள்ள போனா மாசத்துக்கு ஒரு பேச்சு. இத எடுத்துக்கிட்டு யார் முன்னாடி போய் நிக்கப் போற? விட்டுடும்மா. மீன் குளத்துக் கிருமிங்கள வெச்சு ஒரு தலைப்பு இருக்கு. அதை எடுத்துக்கோ."

"கொஞ்சம் டைம் குடுங்க சார்."

"நாலு வருஷம் குடுத்தாச்சு" என்றார். குரலில் கடுமை இல்லை, அதுதான் இன்னும் வலித்தது.

மறுநாள் மத்தியானம் தன் சாமான்களை எடுக்க எலிக்கூடத்துக்குப் போனாள். மத்தியான வேளையில் அவள் அந்தப் பக்கம் போனதே இல்லை. அந்த நேரத்தில் கரண்ட் போகும், லேபில் ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டவே சரியாக இருக்கும். அன்றைக்கு யாருக்காக மல்லுக்கட்டுவது?

கதவைத் தள்ளினால், ஜன்னலோரம் ஒரு முக்காலி போட்டு இயா ரிசி உட்கார்ந்திருந்தாள். நல்ல பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். இயா ரிசி என்றால் ரிசியின் அம்மா; அந்த மகள் ரிசிகத்துக்குக் கல்யாணமாகிப் பேரன்கூட வந்துவிட்டான். மடியில் ஒரு கிண்ணம், அதில் கறுத்த அமலாக் களியும் குழம்பும் புகைபோட்ட மீனும். விலங்கு அறையில் சாப்பிடக் கூடாது என்று அவள் தலைக்கு மேலேயே சுவரில் எழுதி ஒட்டியிருந்தது.

"வா டாக்டரம்மா, வா, சாப்பிடு" என்றாள் இயா ரிசி, கொஞ்சமும் கூச்சமில்லாமல். "மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது? அந்தக் கிழவன் திட்டினானா?"

சொல்லிக்கொண்டே மீன் தலையை இரண்டு விரலால் நசுக்கினாள், கூண்டுக் கம்பி வழியாக உள்ளே போட்டாள். ஜன்னலோரக் கூண்டு. அடுத்த கூண்டுக்கும் ஒரு விள்ளல். அதற்கடுத்ததற்கும். எலிகள் எல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றன. புதிதாக நிற்கிறவை மாதிரி இல்லை.

இபிதுன்னி கூண்டுக்கு ஓடிக் குனிந்து பார்த்தாள். "இயா ரிசி, என்ன பண்றீங்க?"

"என்ன பண்றேன்? சாப்பிடறேன்."

"அதுங்களுக்கு என்ன போட்டீங்க?"

"ஏன், நீ பாக்கலையா? மீனு." அவள் கேள்வியே இயா ரிசிக்கு விளங்கவில்லை. "நான் தின்னும்போது இத்தனை கண்ணு என்னையே பாக்குதே. வாங்க சாப்பிடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லாம என் வாயில எப்படி வெக்கறது? எங்கம்மா என்னை அப்படியா வளர்த்தா? சொல்லிட்டு சும்மா இருக்க முடியுமா, குடுக்கணுமில்ல."

"தினமுமா?"

"தினமும் சாப்பிடறேனே."

"எல்லா எலிக்குமா?"

"அந்தப் பக்கத்துப் பணக்காரனுங்களுக்கு எதுக்கு? அவனுங்க தீவனம் என் சோத்தைவிட நல்லா இருக்கு. மாவையே நக்கிக்கிட்டு கெடக்குதுங்களே, இந்த அநாதைங்களுக்குத்தான். இங்கதான் காத்தும் வருது."

இபிதுன்னி கத்தினாள். எலிகள் எல்லாம் மூலைக்கு ஓடும்படி கத்தினாள். "என் நாலு வருஷத்தையும் மீன் தலையில போட்டுட்டீங்களே! இதுங்க வெறும் மாவு மட்டும் திங்கணும்! அதுதான் ஆராய்ச்சியே! நான் ஊசி ஊசியா உடைச்சுப் போட்டேன், நான் பைத்தியம்னு நெனச்சேன், நீங்க இங்க விருந்து வெச்சுக்கிட்டு இருக்கீங்க!"

இயா ரிசி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். முகம் சுண்டிப்போயிற்று. "எங்கிட்ட யாரும் சொல்லலையே. மாவு போடுன்னாங்க, போட்டேன். மீன் போடாதேன்னு யார் சொன்னா? என் மீனுதானே."

யாரும் சொல்லவில்லைதான். சொல்லத் தோன்றவே இல்லை. இபிதுன்னி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"இயா ரிசி, நோன்பு மாசத்துல?"

"நோன்பு மாசத்துல என்ன?"

"அப்பவும் மீன் போட்டீங்களா?"

"நல்லா கேட்ட போ. நானே பட்டினி, எதைப் போடறது?"

இபிதுன்னி சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவே இல்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இயா ரிசி பயந்துபோய் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், கையில் மீன் வாடை. ஊசி உளறவே இல்லை. இந்தப் பொம்பளை சாப்பிட்ட நாளும் தெரிந்திருக்கிறது அதற்கு, சாப்பிடாத நாளும் தெரிந்திருக்கிறது. என் தங்கமே, உன்னையா சந்தேகப்பட்டேன் என்று அதை எடுத்துக் கொஞ்ச வேண்டும் போல இருந்தது அவளுக்கு.

புரொபசர் முழுவதையும் கேட்டுவிட்டு முதலில் சொன்னது, "அந்த அம்மாவ வேலையவிட்டு அனுப்பு" என்பதுதான்.

"சார், யோசிச்சுப் பாருங்க. மீன் போட்டது எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியாது. ஊசி மட்டும் கண்டுபிடிச்சிருக்கு. இதைவிட நேர்மையா ஒரு சோதனைய நாம நெனச்சாலும் வெக்க முடியாது."

புரொபசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். பிறகு அவர் தோள் குலுங்கிற்று. சிரிக்கிறார் என்று புரிய இபிதுன்னிக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "நான் முப்பது வருஷமா சர்ச்சுக்குப் போறேன். என் லேப் கருவி நோன்பு இருக்குதாக்கும்" என்றார். உடனே முகத்தை இறுக்கிக்கொண்டார். "ஆனா இப்படிக் கதையா எழுதித் தர முடியாது. புது எலிங்க எடு. எல்லாத்துக்கும் மரவள்ளி மாவு. பாதிக்கு மீன், பாதிக்குக் கிடையாது. எது எந்தப் பாதின்னு சீட்டுக் குலுக்கிப் போடு. அந்த அம்மா இருக்கட்டும், சொன்னபடி செஞ்சா."

இயா ரிசி சொன்னபடி செய்ய மாட்டேன் என்றுவிட்டாள். புரொபசரிடம் வாங்கின திட்டுக்கெல்லாம் அவள் அசையவில்லை. "பாதிப் பேரை வான்னு கூப்பிட்டு பாதிப் பேரைப் பாத்துக்கிட்டு இருன்னு சொல்லணுமா? கூண்டைக் கழுவறேன், தண்ணி வெக்கறேன், எந்த வேலையும் செய்யறேன். சோத்துல கை வெக்க மாட்டேன். உன் ஆராய்ச்சி, நீயே போடு." அன்றிலிருந்து மத்தியானமானால் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே மாமரத்தடிக்குப் போய்விடுவாள்.

ஆக இபிதுன்னியே போட்டாள். நான்கு வருஷமாக எலிகளின் மண்டையைத்தான் அவளுக்குத் தெரியும், முகம் தெரியாது. மீன் பொடி கலந்த கிண்ணத்தை ஒரு கூண்டில் வைப்பாள், வெறும் மாவுக் கிண்ணத்தை அடுத்த கூண்டில். அடுத்த கூண்டு எலி இரண்டு காலில் எழுந்து நின்று மூக்கை உயர்த்தி மீன் வாடை வருகிற பக்கம் பார்க்கும். பிறகு தன் கிண்ணத்தைப் பார்க்கும். அவள் சீக்கிரமாக வெளியே வந்துவிடுவாள்.

கோடு இறங்கிற்று. மீன் தின்கிற பாதியில் அப்படியே நிற்க, தின்னாத பாதியில் வாரா வாரம் இறங்கிற்று. அவள் வாயால் சொன்ன மாதிரியே, துளி பிசகாமல். புரொபசர் தானே எலிக்கூடத்துக்கு வந்து திரையைப் பார்த்துவிட்டு, "வாழ்த்துக்கள், டாக்டர்" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்க அவள் எத்தனை ஏங்கியிருக்கிறாள்! கேட்கிற நேரத்தில் அவள் கண் கூண்டுக்குள் இருந்தது.

கோடு ரொம்ப இறங்கிப்போன ஒரு எலி கம்பிமேல் நடந்து போய்க்கொண்டிருந்தது. பின்னங்கால் ஒன்று கம்பிக்கு நடுவே நழுவித் தொங்கிற்று. எலிக்கு அது தெரியவில்லை. தொங்குகிற காலையும் இழுத்துக்கொண்டு அடுத்த அடி வைக்கப் பார்த்தது, முடியாமல் நின்று, ஏன் நகரவில்லை என்று சுற்றுமுற்றும் பார்த்தது. இதே முகத்தை இபிதுன்னி ஊரில் தன் வீட்டுப் படிக்கட்டில் பார்த்திருக்கிறாள்.

"சார், போதும். இனிமே இதுங்களுக்கும் மீன் குடுத்து, கோடு திரும்பி ஏறுதான்னு பாக்கலாம் சார்."

"பாக்கலாமே. அதுவும் ஒரு அத்தியாயமாச்சு" என்றார் அவர்.

மாமரத்தடிக்கு ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னதும் இயா ரிசி கிண்ணத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள். மீனை அவளே வாங்கி வந்தாள், அவளே இடித்தாள், முள் இருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். எல்லாக் கூண்டுக்கும் வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்று, "இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு" என்றாள். இரண்டு மூன்று வாரத்தில் கோடு மளமளவென்று ஏறிப் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. இயா ரிசி அந்தப் பெரிய உடம்பை வைத்துக்கொண்டு கூண்டுகளுக்கு நடுவே ஒரு ஆட்டம் போட்டாள்.

கோடுதான் ஏறிற்று. கால் அப்படியே இருந்தது. கொஞ்சமாக நழுவியவை தேறின. ரொம்ப இறங்கிப்போனவை மட்டும், மூளை நிறையக் கந்தகம் திரும்பி வந்த பிறகும், காலைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றன. இன்னும் பார்ப்போம், இன்னும் பார்ப்போம் என்று இபிதுன்னி நாளைத் தள்ளினாள். ஊசியை மாற்றி மாற்றி இறக்கினாள். முதல் தடவையாக அது பொய் சொல்லக் கூடாதா என்று இருந்தது. கந்தகம் இன்னும் முழுக்க வரவில்லை என்றால் காலுக்கு நம்பிக்கை இருக்குமே. அது பொய் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடிசா கூப்பிட்டான். அவன் பக்கத்தில் தகரக் கூரைமேல் மழை விழுகிற சத்தம். "புரொபசரே உன்னை டாக்டர்னு கூப்பிட்டாராமே! ஊரு பூரா சொல்லியாச்சு. சரி, மீன் குடுத்தா அந்தக் கந்தகம் திரும்பி வந்துடுச்சுன்னு போன தடவை சொன்னியே. அப்போ நானும் தினம் மீன் தின்னா கால் வந்துடும். அப்படித்தானே?"

வந்துவிடும் என்று சொல்லிவிடலாம். பாஸ்டர் அதைத்தான் சொன்னார், மருந்து விற்கிறவள் அதைத்தான் சொன்னாள், பார்க்கிற மாமன் மச்சான் எல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

"வராதுண்ணே" என்றாள் இபிதுன்னி. "இதுக்கு மேல மோசமாகாம பாத்துக்கலாம். போனது வராதுன்னுதான் எனக்குத் தெரியுது."

"அழறியா?" என்றான் அடிசா.

"இல்ல."

"அழற. மூக்கு உறிஞ்சறது இங்க வரைக்கும் கேக்குது." அவன் தொண்டையைச் செருமினான். "தினம் காலையில எழுந்ததும் என் முதல் வேலை என்ன தெரியுமா? பாதத்தைக் கிள்ளிப் பாக்கறது. இன்னைக்கு வந்திருக்கும், இன்னைக்கு வந்திருக்கும்னு. இத்தனை வருஷமா. இனிமே கிள்ள வேணாம், இல்ல?"

"வேணாம்ணே."

"சரி." பிறகு அவன் குரல் வேறு பக்கம் திரும்பி, மழையை மீறிப் பெண்டாட்டியைக் கூப்பிட்டது. "ஏய், இங்க வா. பசங்களையும் கூட்டிட்டு வா. மரவள்ளிய எப்படி ஊறவெக்கணும், புள்ளைங்களுக்கு என்ன குடுக்கணும்னு தங்கச்சி சொல்லப் போறா, நல்லா கேட்டுக்கோ." மறுபடி போனுக்கு வந்தான். "ம், சொல்லு. மெதுவா சொல்லு."

இபிதுன்னி புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தண்ணீரில் ஊறவைப்பதிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.